ஏழாம் இடத்திலிருந்து கோப்பை: 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் வென்றது தற்செயலா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது: ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துத் தொடரில் 2016ஆம் ஆண்டு அட்டவணையில் ஏழாவதாக முடித்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணி கோப்பையை வென்றிருக்கிறது, அதற்கு முந்தைய கோப்பை 1954இல், ஏழாம் இடத்து அணி சாம்பியன் ஆக முடிகிறதென்றால் அது அதிர்ஷ்டமா, நடுவர்களின் தயவா, இல்லை போட்டி அமைப்பிலேயே கோளாறா? கேள்வி மூன்றாகப் பிரிந்திருந்தாலும் அடியில் கிடக்கும் ஐயம் ஒன்றுதான். 22 ஆட்டங்கள் ஓர் அணியைப் பற்றி ஒன்று சொல்ல, அடுத்த நான்கு ஆட்டங்கள் வேறொன்று சொன்னால் எதை நம்புவது? அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல முயல்கிறேன். நான் மெல்பர்னின் மேற்குப் புறநகரில் வசிப்பவன், படித்தது புள்ளியியல், பல ஆண்டுகளாக வார இறுதிகளில் சிறுவர் ஆட்டங்களுக்கு கோல் நடுவராக நிற்பவன். பயிற்சியாளன் அல்லன் என்பதால் வியூகங்களைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குப் புறநகர்க்காரனுக்கு இந்த அணியின் பக்கம் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். அதையும் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அணிக்குப் பதினெட்டுப் பேர், கிரிக்கெட் ஆடும் அதே நீள்வட்ட மைதானம், இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் கோல், அதற்கு ஆறு புள்ளி; ஓரக் கம்பங்களுக்கிடையே போனால் ஒரு புள்ளி. பந்தை எறியக்கூடாது, ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும், அதை ஹேண்ட்பால் என்பார்கள். போதிய தூரம் உதைக்கப்பட்ட பந்தை வேறு எவரும் தொடுமுன் காற்றிலேயே பிடித்தால் அது மார்க். பிடித்தவர் இடையூறின்றி நின்று உதைக்கலாம். தேசியத் தொடரில் பதினெட்டு அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 22 ஆட்டங்கள் ஆடிய பிறகு முதல் எட்டு அணிகள் செப்டம்பர் மாத இறுதிச் சுற்றுக்குப் போயின.

இனி அந்த ஏழாம் இடத்தைப் பார்ப்போம். 2016இல் சிட்னி, ஜீலாங், ஹாதார்ன் மூன்றும் தலா 17 வெற்றிகள் பெற்றன. கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி, அடிலெய்டு, வெஸ்ட் கோஸ்ட் மூன்றும் தலா 16. புல்டாக்ஸ் 15. எட்டாவதாக வந்த நார்த் மெல்பர்னுக்கு 12 மட்டுமே. முதலிடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் இடைவெளி இரண்டே வெற்றிகள். ஏழுக்கும் எட்டுக்கும் இடையே மூன்று. அதாவது அந்த ஆண்டு மேலே ஏழு அணிகள் ஒரே கொத்தாக நின்றன, அந்தக் கொத்தின் வாலில் புல்டாக்ஸ் இருந்தது. அடுத்த ஆண்டு, 2017இல், ரிச்மண்ட் அணி இதே 15 வெற்றிகளோடு மூன்றாம் இடம் பிடித்து, கோப்பையையும் வென்றது. அதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. ஆகவே ஏழாம் இடம் என்ற எண்ணைக் கேட்டதும் பதினெட்டில் நடுவாந்தரமான ஓர் அணி என்று மனத்தில் விழும் படம் தவறானது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் எதிர்த் தரப்புக்கும் ஒரு வலுவான சான்று உண்டு, அதை மறைத்தால் பதில் நேர்மையாகாது. இந்த ஆட்டத்தில் ஓர் அணி அடித்த புள்ளிகளை, விட்டுக்கொடுத்த புள்ளிகளால் வகுத்துச் சதவீதமாகக் கணக்கிடுவார்கள். எங்கள் துறையில் வெற்றி எண்ணிக்கையைவிட இதுவே அணியின் தரத்துக்கு நல்ல அளவுகோல் என்று கருதுவோம். 2016இல் சிட்னியின் சதவீதம் 150ஐத் தாண்டியது. புல்டாக்ஸ் 115 என்ற அளவில் நின்றது. சிட்னி எதிரணிகளை நசுக்கி வென்றது. புல்டாக்ஸ் பெரும்பாலும் ஒட்டி ஒட்டி வென்றது. இந்த ஒரே சான்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், புல்டாக்ஸ் நல்ல அணி, ஆனால் அந்த ஆண்டின் மிகச் சிறந்த அணி இல்லை என்றுதான் சொல்வேன். இருந்தாலும் அதே சிட்னியை, ஜூலைத் தொடக்கத்தில், சிட்னியின் சொந்த மைதானத்திலேயே புல்டாக்ஸ் நான்கு புள்ளிகளில் தோற்கடித்திருந்தது. கடைசி நொடிகளில் வெற்றி கோலை உதைத்தவர் ஜேசன் ஜொஹானிசன். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதம் ஏன் குறைந்தது என்பதற்கு ஓரளவு விடை காயப் பட்டியலில் இருக்கிறது. மூன்றாவது சுற்றில் ஹாதார்னிடம் மூன்று புள்ளிகளில் தோற்ற ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், அணித் தலைவர் பாப் மர்ஃபிக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவர் களமிறங்கவில்லை. ஈஸ்டன் வுட் தற்காலிகத் தலைவரானார். தொடைத் தசைநார்க் காயத்தால் ஜொஹானிசன் பல வாரங்கள் வெளியே இருந்தார். ஜூலை மாதம் செயின்ட் கில்டாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மிட்ச் வாலிஸின் கால் எலும்பு முறிந்தது, ஜாக் ரெட்பாத்தின் முழங்கால் போனது. டாம் லிபராட்டோரே, ஜாக் மெக்ரே என்று நடுக்களத்தின் தூண்களும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடைசிச் சுற்றில் பெர்த் நகரில் ஃப்ரீமாண்டிலிடம் 20 புள்ளிகளில் தோற்றுத்தான் அணி இறுதிச் சுற்றுக்குள் வந்தது. அன்று அதன் மேல் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நானும் தயங்கியிருப்பேன்.

இங்கேதான் முதல் உண்மையான அதிர்ஷ்டம் வருகிறது. 2015இன் கடைசிச் சுற்றில் இரண்டு அணிகள் இறுதிச் சுற்றுக்காகத் தங்கள் முக்கிய ஆட்டக்காரர்களை மொத்தமாக ஓய்வில் வைத்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது. அதைத் தடுக்க, லீக் நிர்வாகம் 2016இல் முதன்முறையாகக் கடைசிச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவே ஒரு வாரம் விடுமுறை விட்டது. யாருக்காகவோ போட்ட விதி. அதன் முழுப் பலனும் புல்டாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. லிபராட்டோரே, மெக்ரே உள்ளிட்ட சிலர் அந்த ஒரு வாரக் கூடுதல் அவகாசத்தில் தேறி, முதல் இறுதிச்சுற்று ஆட்டத்துக்கே திரும்பினார்கள். அந்த வாரம் இல்லாவிட்டால் கோப்பை இல்லை என்று இங்கே பலர் அடித்துச் சொல்வார்கள். அதை நிரூபிக்க வழியில்லை; ஆனால் மறுக்கவும் என்னால் முடியவில்லை. அட்டவணையில் ஏழாவதாக முடித்த அணியும் செப்டம்பரில் களமிறங்கிய அணியும் பெயரில் ஒன்று, ஆள்கணக்கில் வேறு என்பது மட்டும் உறுதி.

போட்டி அமைப்புக் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருந்த முறைப்படி, முதல் நான்கு இடங்களில் முடித்த அணிகள் இறுதிச் சுற்றின் முதல் வாரத்தில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. வென்றால் ஒரு வாரம் ஓய்வும் கிடைக்கும். ஐந்து முதல் எட்டு வரை உள்ள அணிகளுக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. தொடர்ந்து நான்கு வாரம் வெல்ல வேண்டும், ஒன்றில் தோற்றாலும் வீட்டுக்குப் போகலாம். நம் வாசகர்களுக்கு ஐபிஎல் பிளேஆஃப் முறை தெரியும், இதுவும் ஏறத்தாழ அதே தத்துவம்தான். அதே 2016இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் மூன்றாவதாக முடித்து, எலிமினேட்டர் வழியாக மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று கோப்பையைப் பெற்றது. அங்கே மூன்று, இங்கே நான்கு. எனவே இந்த அமைப்பு மேலே உள்ளவர்களுக்குச் சாதகமானது. கீழிருந்து வருபவர்களுக்குச் சலுகை காட்டும் கோளாறு அதில் இல்லை.

எவ்வளவு அரிது என்று ஒரு தோராயக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். முதல் வாரத்தில் ஐந்தாம் அணி எட்டாம் அணியோடும், ஆறாம் அணி ஏழாம் அணியோடும் மோதுவதால், கீழ்ப்பாதியிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு அணிகள் எப்படியும் மிஞ்சும். மிஞ்சிய அணிக்குப் பிறகு வரும் மூன்று ஆட்டங்களிலும் தலா 35 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் வெல்லும் வாய்ப்பு நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு அணிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு எட்டரை சதவீதம். 25 ஆண்டுகளில் இப்படி ஏறக்குறைய இரண்டு முறை நடக்க வேண்டும். 2000 முதல் 2024 வரை நடந்ததும் இரண்டே முறைதான்: 2016இல் புல்டாக்ஸ், 2024இல் ஐந்தாவதாக முடித்த பிரிஸ்பேன். அந்த 35 சதவீதம் என் அனுமானம், ஆட்டத்துக்கு ஆட்டம் அது மாறும். விடை இவ்வளவு அழகாகப் பொருந்துவதில் கொஞ்சம் தற்செயலும் உண்டு. ஆயினும் எப்போதோ ஓர் அணி இப்படி வென்றே தீரும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. பதினாறு ஆண்டுகள் எவரும் வெல்லாமல் இருந்ததால்தான் 2016இல் எல்லாருக்கும் கண் விரிந்தது. 1998இல் அடிலெய்டு ஐந்தாம் இடத்திலிருந்து வென்றதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அப்போது விதி வேறு, முதல் வாரத்தில் தோற்றபிறகும் அந்த அணிக்கு மறு வாய்ப்புக் கிடைத்தது. ஏழாம் இடத்திலிருந்து வென்ற முதல் அணி புல்டாக்ஸ்தான்.

எப்போதோ ஓர் அணி வெல்லும் என்றால் அது ஏன் இந்த அணியாக இருந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது. 2014 முடிவில் இந்தக் கழகம் சரிந்து கிடந்தது. அணி பதினான்காம் இடம். தலைவர் ரயன் கிரிஃபன் தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டு விலகினார். சில நாட்களில் பயிற்சியாளர் பிரெண்டன் மெக்கார்ட்னியும் பதவி விலகினார். கிரிஃபனுக்கு மாற்றாக, அணிகள் முறை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் முந்தைய ஆண்டின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டிருந்த டாம் பாய்ட் என்ற பத்தொன்பது வயது இளைஞரை, மிகப் பெரிய தொகைக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். இரண்டு பருவங்களாக அந்தத் தொகையைச் சொல்லியே அவரைக் கேலி செய்தார்கள். புதிய பயிற்சியாளராக வந்த லூக் பெவரிட்ஜ் முன்பு இதே அணிக்காகவும் ஆடியவர். அமெச்சூர் லீக்கில் செயின்ட் பீட்ஸ் மென்டோன் என்ற கழகத்துக்கு மூன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, முதல் பிரிவு என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளில் மூன்று கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவர். 2015இல் அவரது முதல் ஆண்டிலேயே அணி ஆறாம் இடத்துக்கு உயர்ந்து, இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அடிலெய்டிடம் ஏழு புள்ளிகளில் தோற்றது. ஆகவே 2016 திடீரென முளைத்ததில்லை.

பெவரிட்ஜ் அணியின் ஆட்டத்தை மைதானத்தில் நேரில் பார்த்தவர்களுக்கு ஒன்று உடனே கண்ணில் படும். பந்து கூட்டத்துக்குள் சிக்கியிருக்கும்போது நீலமும் சிவப்பும் அணிந்தவர்கள் ஒருவரை ஒருவர் உரசும் தூரத்தில் ஓடிக்கொண்டே ஹேண்ட்பாலால் பந்தைக் கைமாற்றுவார்கள்; மூன்று, நான்கு கைகள் மாறுவதற்குள் எதிரணி யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கும், பந்து திறந்த வெளிக்கு வந்துவிடும். நீண்ட உதைகளை நம்பும் அணிக்கு உயரமான முன்களக்காரர்கள் வேண்டும். புல்டாக்ஸிடம் அவர்கள் போதுமான அளவு இல்லை. இருந்தவர்கள் நடுக்களத்தில் ஓடிக் களைக்காத இளைஞர்கள். இருபது வயது மார்கஸ் பொன்டெம்பெல்லி அந்த ஆண்டே அணியின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். லீக்கின் மிகக் குள்ளமானவர்களில் ஒருவரான கேலப் டேனியலின் உயரம் 168 சென்டிமீட்டர். தலைக்கவசத்தோடு ஆடும் அவரைச் சிறுவர்கள் தங்களில் ஒருவராகவே பார்த்தார்கள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி ஆட்டக்காரர்களை மாற்றும் எண்ணிக்கை 120இலிருந்து 90ஆகக் குறைக்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். ஓயாமல் ஓடும் அணிக்கு அது உதவியது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் அது ஊகம். எல்லா அணிகளுக்கும் அதே விதிதானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அணியின் முதுகெலும்பு விலை கொடுத்து வாங்கப்பட்டதில்லை. மேத்யூ பாய்ட், டேல் மாரிஸ், லியாம் பிக்கன், ஜொஹானிசன் நால்வரும் முதன்மைத் தேர்வில் எவரும் எடுக்காமல் விட்டு, ரூக்கி பட்டியல் எனப்படும் பின்வாசல் வழியாக வந்தவர்கள். லிபராட்டோரே, லாக்கி ஹன்டர், செய்ன் கோர்டி ஆகியோர் இதே கழகத்துக்கு ஆடியவர்களின் மகன்கள். தந்தை ஆடிய கழகத்துக்கு மகன் மேல் முன்னுரிமை தரும் விதி இங்கே உண்டு. தற்காப்பில் நின்ற ஜோயல் ஹாம்லிங், ஜீலாங் கழகம் ஓர் ஆட்டத்திலும் இறக்காமலேயே விடுவித்தவர். கிளே ஸ்மித்துக்கு அதற்குள் மூன்று முறை முழங்கால் அறுவை ஆகியிருந்தது. அதிர்ஷ்டம் என்ற சொல்லை இவர்களிடம் சொல்லிப் பார்த்தால் சிரிப்பார்கள்.

நான்கு ஆட்டங்களுக்கு வருகிறேன். செப்டம்பர் 8 அன்று பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட் அணியை 99க்கு 52 என்று வீழ்த்தினார்கள். வெளியூர் அணிகள் மிகவும் அஞ்சிய மைதானம் அது. நான்கு ஆட்டங்களில் என்னை அதிகம் வியக்க வைத்தது இதுதான், ஏனெனில் 47 புள்ளி இடைவெளியில் அதிர்ஷ்டம் ஒளிந்துகொள்ள இடமில்லை. அடுத்த வாரம் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில், 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று கோப்பைகள் வென்றிருந்த ஹாதார்னை 107க்கு 84 என்று வெளியேற்றினார்கள். மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 24, சிட்னியில், 2012இல் லீக்கில் சேர்ந்து, சலுகைகளால் திறமையான இளைஞர்களைக் குவித்து வைத்திருந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு எதிராக. எங்கள் பகுதியிலிருந்து ஏராளமானோர் ஹியூம் நெடுஞ்சாலையில் கார்களில் கொடி கட்டி, ஒன்பது மணி நேரப் பயணத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். முந்தைய நாட்களில் நெருங்கிய நண்பரை இழந்திருந்த கிளே ஸ்மித் நான்கு கோல்கள் உதைத்தார். கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியிருந்த அணியை மெக்ரேயின் கோல் மீண்டும் முன்னே கொண்டுவர, 89க்கு 83 என்று முடிந்தது. ஆறு புள்ளிகள், ஒரே ஒரு கோல். இதைச் சம பலம் கொண்ட இரு அணிகளுக்கு நடுவே சுண்டிய நாணயம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அக்டோபர் 1 அன்று இறுதி ஆட்டம். 99,981 பேர் அமர்ந்திருந்தார்கள். இரண்டாம் கால்பகுதியில் சிட்னியின் ஜோஷ் கென்னடி மூன்று கோல்கள் அடித்து அணியைத் தூக்கி நிறுத்தினார். இடைவேளையில் சிட்னி 47, புல்டாக்ஸ் 45. கடைசிக் கால்பகுதியில் ஜொஹானிசன் ஓடிவந்து உதைத்த கோல், பந்தில் ஒரு கை பட்டிருந்தது என்று காணொளிப் பரிசீலனையில் ரத்தானது. பிறகு டேல் மாரிஸ், சிட்னியின் நட்சத்திரம் லான்ஸ் ஃபிராங்க்ளினைப் பின்னாலிருந்து மடக்கிப் பிடிக்க, சிதறிய பந்தை டாம் பாய்ட் எடுத்து, 60 மீட்டருக்கும் மேலான தூரத்திலிருந்து ஆளில்லாத கோலை நோக்கி உதைத்தார். பந்து விழுந்து, துள்ளி, கம்பங்களுக்கிடையே உருண்டது. நீள்வட்டப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதற்கே தெரியாது. பல ஆண்டுகள் கம்பத்தடியில் நின்று அதைப் பார்த்தவன் நான். இரண்டு ஆண்டுகளாகக் கேலிக்கு உள்ளான அந்த இளைஞரின் மூன்றாவது கோல் அது. பிக்கனும் மூன்று கோல்கள் அடித்தார். 89க்கு 67, சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் ஜொஹானிசனுக்கு. மாரிஸ் முதுகெலும்பில் முறிவோடுதான் அந்த வாரங்களில் ஆடினார் என்பது பிறகே வெளியே தெரிந்தது.

நடுவர்கள் பற்றிய புகார் இந்த இறுதி ஆட்டத்திலிருந்தே கிளம்பியது. தவறுக்கு எதிரணி பெறும் இலவச உதைகள் புல்டாக்ஸுக்கு 20, சிட்னிக்கு 8. கடைசிக் கால்பகுதியில் ஈஸ்டன் வுட் பந்துக்காகச் சறுக்கிப் பாய்ந்தபோது சிட்னியின் டான் ஹன்னபரியின் முழங்காலில் மோதி, அவர் காயமடைந்து வெளியேறினார். விதிப்படி காலில் மோதுவது தவறு, ஆனால் ஊதல் ஊதப்படவில்லை. என் பார்வையில் அங்கே சிட்னிக்கு இலவச உதை கிடைத்திருக்க வேண்டும். ஆனால் 20க்கு 8 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பாரபட்சம் என்ற முடிவுக்கு வர முடியாது. பந்துக்கு முதலில் போய்ச் சேரும் அணிக்கே இலவச உதைகள் அதிகம் கிடைக்கும், ஏனெனில் தாமதமாக வருபவரே கழுத்தைப் பிடிப்பார், முதுகில் தள்ளுவார். அன்று புல்டாக்ஸ்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. இருபதில் எத்தனை நியாயம், எத்தனை தவறு என்று இரு தரப்பும் ஒப்பும் கணக்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கே எண்ணிக்கை மாறுகிறது. இறுதி இடைவெளி 22 புள்ளிகள், ஏறத்தாழ நான்கு கோல்கள். நடுவர்கள் சிட்னியின் நாளைக் கடினமாக்கினார்கள் என்பது வாதத்துக்குரியது. கோப்பையை அவர்களே தூக்கிக் கொடுத்தார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஃபிராங்க்ளின் முதல் கால்பகுதியிலேயே கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டதும் சிட்னிக்கு நேர்ந்த கெட்ட நேரம். அதை நடுவர் கணக்கில் எழுத முடியாது.

நான்கு ஆட்டங்களையும் சேர்த்துக் கூட்டினால் புல்டாக்ஸ் அடித்தது 384, கொடுத்தது 286, சதவீதம் 134. அந்தப் பருவத்தில் அதன் சொந்தச் சதவீதமான 115ஐவிட இது மிக அதிகம், அதுவும் எதிரே நின்றவை எல்லாம் தன்னைவிட மேலே முடித்த அணிகள். நான்கு ஆட்டங்கள் மிகச் சிறிய மாதிரி என்று என் வகுப்பு ஆசிரியர் இருந்திருந்தால் எச்சரித்திருப்பார், நியாயம்தான். அடுத்த ஆண்டு அணி பத்தாம் இடத்துக்கு இறங்கி இறுதிச் சுற்றுக்கே வரவில்லை என்பதையும் தற்செயல் தரப்பினர் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் 2021இல் அதே பயிற்சியாளரின் கீழ், ஐந்தாம் இடத்திலிருந்து மீண்டும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அங்கே மெல்பர்ன் அணியிடம் 74 புள்ளிகளில் நொறுங்கினார்கள். எடை போட்டுப் பார்த்தால் என் முடிவு இது: அந்தச் செப்டம்பரில் களத்தில் இருந்த நான்கைந்து சம பலமான அணிகளில் புல்டாக்ஸ் ஒன்று, அவற்றில் கடினமான வழி அதற்கு வாய்த்தது, விடுமுறை வாரமும் சிட்னியில் கிடைத்த ஆறு புள்ளிகளும் அதிர்ஷ்டம், பெர்த்திலும், ஹாதார்னுக்கு எதிராகவும் நடந்தவை அதிர்ஷ்டமல்ல.

அப்படியானால் எளிய அணி, அதாவது வெல்லும் என்று யாரும் எதிர்பாராத அணி, என்ற பெயர் புல்டாக்ஸுக்கு எங்கிருந்து ஒட்டியது? அது அந்த ஆண்டின் பலத்தைப் பற்றியதைவிடக் கழகத்தின் வரலாற்றைப் பற்றியது. ஃபுட்ஸ்கிரே என்ற பழைய பெயரில் 1925இல் பெரிய லீக்குக்குள் வந்த இந்தக் கழகம், தொழிற்சாலைகளும் குடியேறிகளும் நிறைந்த மேற்கு மெல்பர்னுடையது. 1954இல் சார்லி சட்டன் தலைமையில், மெல்பர்ன் அணியை 102க்கு 51 என்று வென்றதே ஒரே கோப்பை. 1961 இறுதி ஆட்டத்தில் ஹாதார்னிடம் தோற்றது. அதன்பின் 1985, 1992, 1997, 1998, 2008, 2009, 2010 என ஏழு முறை இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி முன்னால் விழுந்தது. 1997இல் தோற்றது இரண்டே புள்ளிகளில். 1989இல் கடன் சுமையால் ஃபிட்ஸ்ராய் கழகத்தோடு இணைத்துவிட முடிவே அறிவிக்கப்பட்டது. ரசிகர்கள் உண்டியல் ஏந்தி வீடு வீடாகப் பணம் திரட்டி, நீதிமன்றம் போய்க் கழகத்தை மீட்டார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய வழக்கறிஞர் பீட்டர் கோர்டன்தான் 2016இலும் கழகத் தலைவர். ஃபிட்ஸ்ராய் 1996 முடிவில் பிரிஸ்பேனோடு கரைந்தது. ஆக, எங்கள் பகுதி முதியவர்கள் அன்று அழுததற்கு ஏழாம் இடம் காரணமே இல்லை. மூன்றாம் இடத்திலிருந்து வென்றிருந்தாலும் அழுதிருப்பார்கள். வென்ற மேடையில் பெவரிட்ஜ் தன் பயிற்சியாளர் பதக்கத்தைக் கழற்றி, காயத்தால் ஆட முடியாமல் போன மர்ஃபியை அழைத்து அவர் கழுத்தில் அணிவித்தார். மர்ஃபி அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை.

கேள்வியின் கடைசி வரியில், பார்ப்பதென்றால் எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் இறுதி ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். நீங்கள் முதன்முறை பார்ப்பவர் என்றால் சிட்னியில் நடந்த மூன்றாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியிலிருந்து தொடங்குங்கள். முடிவு இப்போது தெரிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். நான் பத்து முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன், மெக்ரே ஓடிவரும்போது இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன்.